28 ஆட்டம்: ஏலம் முதல் எட்டாம் பிடி வரை

கூடலூர், பந்தலூர், சேரம்பாடி பக்கம் ஆனி ஆடி மழை பிடித்துவிட்டால் மாலையில் வெளியே கால் வைக்க முடியாது. நாலு பேர் உட்கார இடமும் ஒரு சீட்டுக் கட்டும் இருந்தால் போதும், 28 தொடங்கிவிடும். வயநாடும் நிலம்பூரும் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் ஒரே மேசையில் தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும். ஒருவர் 'ஏலம்' என்பார், இன்னொருவர் 'விளி' என்பார், மூன்றாமவர் 'கேள்வி' என்பார். ஊட்டியிலிருந்தோ கோத்தகிரியிலிருந்தோ புதிதாக வந்து உட்காருபவர் திணறுவது ஆட்டத்தின் கடினத்தால் அல்ல. எந்தச் சொல் எந்தக் கட்டத்துக்கு உரியது என்று யாரும் வரிசையாகச் சொல்லித் தராததால்தான். இந்த வழிகாட்டி சொற்களை ஆட்டம் நடக்கும் வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறது.

28-இல் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் பிறக்கின்றன: மூடியிருக்கும் துருப்பு, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனம், திறக்கும் அந்த நொடியில். அதனால் அந்தப் பகுதிக்கு இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

கட்டும் மதிப்பும்

52 சீட்டில் 2 முதல் 6 வரை உள்ள 20 சீட்டுகளை எடுத்துவிடுங்கள். மீதி 32. ஒவ்வொரு இனத்திலும் எட்டுச் சீட்டு. இனம் என்பது இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்ற நான்கில் ஒன்று.

சீட்டின் பலம் ரம்மியில் பழகிய வரிசையில் இருக்காது. மேலிருந்து கீழாக: ஜாக்கி, ஒன்பது, ஏஸ், பத்து, ராஜா, ராணி, எட்டு, ஏழு. ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் தலா 1. மற்ற நான்குக்கும் புள்ளி இல்லை. ஓர் இனத்தில் 7 புள்ளி, நான்கு இனத்தில் 28. ஆட்டத்தின் பெயர் அங்கிருந்து வந்தது. ஜாக்கியும் ஒன்பதும் தலைமை தாங்கும் இந்த வரிசை நெதர்லாந்தின் கிளாவர்யாஸ் ஆட்டத்தில் துருப்பு இனத்துக்கு மட்டும் உண்டு. இங்கே நான்கு இனத்துக்கும் அதே வரிசைதான்.

புதியவர் முதல் நாளில் செய்யும் தவறு ராஜாவை பெரிய சீட்டு என்று நினைத்துவிடுவது. ராஜாவைப் பத்து வெட்டி எடுக்கும், புள்ளியும் கிடையாது. கையில் சீட்டை அடுக்கும்போதே ஜாக்கி, ஒன்பது, ஏஸ், பத்து என்ற வரிசையில் அடுக்கிப் பழகினால் இரண்டு மூன்று ஆட்டத்தில் கண் பழகிவிடும்.

உட்காருவது, போடுவது

நாலு பேர், இரண்டு அணி. எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டாளிகள். சீட்டுப் போடுவதும் ஆடுவதும் வலப்பக்கமாகச் சுற்றும், அதாவது கடிகாரத்துக்கு எதிர்த் திசை. போடுபவரின் வலப்பக்கத்தில் இருப்பவர்தான் முதலில் ஏலம் சொல்ல வேண்டும், முதல் சீட்டும் அவரே இறக்க வேண்டும்.

முதலில் ஆளுக்கு நாலு சீட்டு. ஏலம் முடிந்து துருப்பு வைத்த பிறகு இன்னும் நாலு.

மலை ஈரத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். காகிதச் சீட்டு மழைக்காலத்தில் ஈரம் குடித்து ஒன்றோடொன்று ஒட்டும், நாலு என்று போட்டது ஐந்தாகப் போய்விடும். பாதி ஆட்டத்தில் ஒருவரிடம் சீட்டு மிஞ்சினால் அந்த ஆட்டம் செல்லாது, ஏலமும் வீண். பிளாஸ்டிக் சீட்டு வாங்குவதே நல்லது. காகிதச் சீட்டுதான் இருக்கிறது என்றால் மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். நாலு வாங்கியதும் எண்ணிப் பார்த்த பிறகே ஏலம் தொடங்கட்டும்.

ஏலம்

ஏலம் என்பது 'எங்கள் அணி இத்தனை புள்ளி எடுக்கும்' என்ற உறுதிமொழி. முதல் ஆள் குறைந்தது 14 சொல்லியே ஆக வேண்டும், அவருக்கு 'பாஸ்' கிடையாது. அடுத்தவர்கள் அதைவிட ஏற்றிச் சொல்லலாம், அல்லது பாஸ் சொல்லலாம். மூவர் தொடர்ந்து பாஸ் சொன்னால் கடைசியாகச் சொன்னவர் ஏலக்காரர். ஏலத்தில் எண் மட்டும்தான் சொல்ல வேண்டும். எந்த இனம் என்று வாயாலோ, கண்ணாலோ, தயங்கும் விதத்தாலோ தெரிவிக்கக் கூடாது. இந்த ஆட்டத்தின் உயிரே அந்த மறைவில் இருக்கிறது.

பல மேசைகளில் தன் கூட்டாளி சொன்னதை மேலே ஏற்ற வேண்டுமானால் 20-க்குக் குறையாமல் சொல்ல வேண்டும் என்ற கட்டுப்பாடு உண்டு. எட்டுச் சீட்டும் வந்த பிறகு இரண்டாம் ஏலம் வைக்கும் வழக்கமும் உண்டு, அதற்குக் குறைந்தபட்சம் 24. இந்த இரண்டும் உங்கள் மேசையில் உண்டா இல்லையா என்பதைச் சீட்டுப் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நாலு சீட்டைப் பார்த்து எவ்வளவு சொல்லலாம்? இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. உங்கள் நாலு சீட்டு போக 28 சீட்டு வெளியே இருக்கிறது. அதில் உங்களுக்கு இன்னும் வரப்போகும் நாலும் கூட்டாளியின் எட்டும் சேர்த்து 12 உங்கள் அணிக்கு. கையில் ஒரு புள்ளியும் இல்லாவிட்டால் வெளியே உள்ள 28 புள்ளியில் சராசரியாக 12 உங்கள் பக்கம் வரும். கையில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் இந்த 12-உடன் சுமார் அரைப் புள்ளிக்குச் சற்று மேல் சேர்க்கும். சரியாகச் சொன்னால் ஏழில் நாலு பங்கு. கையில் 6 புள்ளி இருந்தால் சராசரி ஏறக்குறைய பதினைந்தரை. 10 புள்ளி இருந்தாலும் 18-ஐ எட்டாது.

இது அணியின் கைக்கு வரும் புள்ளி மட்டுமே. அதைக் காப்பாற்றுவதும் எதிராளியின் புள்ளியைப் பிடுங்குவதும் துருப்பின் வேலை. எங்கள் கணிப்பில், ஒரே இனத்தில் ஜாக்கியோடு மூன்று சீட்டு இருந்தால் சராசரிக்கு மேல் ஒன்றோ இரண்டோ ஏற்றலாம். ஜாக்கி இல்லாத இனத்தைத் துருப்பாக வைக்க நேர்ந்தால் சராசரியைத் தாண்டவே கூடாது. ஒற்றை ஜாக்கியைப் பார்த்ததும் 18 என்று பாய்பவர்தான் மேசையில் அதிகம் தோற்பவர்.

கையில் எதுவும் இல்லாமல் முதல் ஆளாக மாட்டிக்கொண்டால் 14 சொல்லி, அடுத்தவர் ஏற்றட்டும் என்று விடுவதே வழி. யாரும் ஏற்றாவிட்டால் அதிகச் சீட்டு உள்ள இனத்தைத் துருப்பாக வையுங்கள்.

துருப்பு: மூடியது, திறந்தது

ஏலக்காரர் தன் நாலு சீட்டில் ஒன்றை எடுத்து, முகம் தெரியாமல் கவிழ்த்து முன்னால் வைக்கிறார். அதன் இனம்தான் துருப்பு. இது அவருடைய எட்டுச் சீட்டில் ஒன்று, கூடுதல் சீட்டு அல்ல. அதனால் துருப்பு மூடியிருக்கும்வரை அவர் கையில் மற்றவர்களைவிட ஒன்று குறைவாக இருக்கும்.

எந்தச் சீட்டைக் கவிழ்ப்பது? அந்த இனத்தில் சின்னதை. ஜாக்கியைக் கவிழ்த்தால் திறக்கும்வரை அதை ஆட முடியாது. இடையில் எதிராளி தெரியாமல் அதே இனத்தை இறக்கி ஏஸும் பத்தும் விழுந்தால், பிடிக்க வேண்டிய ஜாக்கி மேசையில் கவிழ்ந்து கிடக்கும். ஜாக்கியும் ஒன்பதும் மட்டுமே இருந்தால் ஒன்பதைக் கவிழ்த்து ஜாக்கியைக் கையில் வையுங்கள்.

ஒவ்வொருவரும் ஒரு சீட்டு போட, நாலு சீட்டு விழுந்தால் ஒரு பிடி. மொத்தம் எட்டுப் பிடி. இறக்கிய இனம் கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும். அந்த இனத்தில் பெரிய சீட்டு பிடியை எடுக்கும், எடுத்தவர் அடுத்ததை இறக்குவார்.

இறக்கிய இனம் கையில் இல்லாதவருக்கு இரண்டு வழி. ஒன்று, ஏதாவது வேண்டாத சீட்டைக் கழித்துவிடலாம். இரண்டு, 'துருப்பு' என்று கேட்கலாம். கேட்டதும் ஏலக்காரர் கவிழ்த்ததைத் திருப்பி எல்லோருக்கும் காட்டிவிட்டுத் தன் கையில் சேர்த்துக்கொள்கிறார். கேட்டவரிடம் துருப்பு இனம் இருந்தால் அந்தப் பிடியிலேயே போட வேண்டும். அதுதான் வெட்டு. இல்லாவிட்டால் எதையாவது போடலாம். திறந்த பிறகு துருப்பு இனத்தின் ஏழுகூட மற்ற இனத்தின் ஜாக்கியை வெட்டும்.

இங்கே நான்கு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். துருப்பு மூடியிருக்கும்போது விழுந்த துருப்பு இனச் சீட்டு வெட்டாகாது, அது வெறும் கழிவு. யாரோ ஒருவர் கேட்ட பிறகு விழுபவைதான் வெட்டு. இனம் கையில் இருப்பவர் துருப்பு கேட்க முடியாது. மூடியிருக்கும்வரை ஏலக்காரர் துருப்பு இனத்தை இறக்கக் கூடாது, கையில் வேறு எதுவும் இல்லாத நிலை மட்டும் விலக்கு. ஏலக்காரருக்கே இனம் இல்லாமல் போனால் தானே திறந்து வெட்டலாம், அப்போது கவிழ்த்த அதே சீட்டைத்தான் போட வேண்டும் என்று சில மேசைகளில் சட்டம். சின்னதைக் கவிழ்க்கச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

ஏழு பிடி வரை யாரும் கேட்காவிட்டால் ஏலக்காரரிடம் மிஞ்சுவது அந்தக் கவிழ்த்த சீட்டு மட்டும். கடைசிப் பிடியில் அது துருப்பாகச் செல்லுமா, வெறும் சீட்டா என்பது இடத்துக்கு இடம் மாறும். அரிதாகத்தான் நடக்கும், ஆனால் நடந்தால் சத்தம் கூரையைத் தொடும். முன்பே முடிவு செய்யுங்கள்.

ஓர் ஆட்டம், சீட்டுச் சீட்டாக

போட்டவர் உங்கள் இடப்பக்கத்தார், அதனால் முதல் பேச்சு உங்களுடையது. முதல் நாலு: இஸ்பேட் ஜாக்கி, ஒன்பது, ஏழு, ஆட்டின் ஏஸ். ஆறு புள்ளி, சராசரி பதினைந்தரை, ஜாக்கியோடு மூன்று துருப்பு. 17 சொல்கிறீர்கள், மூவரும் பாஸ். இஸ்பேட் ஏழைக் கவிழ்க்கிறீர்கள். அடுத்த நாலில் இஸ்பேட் ராஜா, ஆட்டின் எட்டு, டைமன் பத்து, கிளாவர் ஜாக்கி வருகின்றன.

முதல் பிடியில் கிளாவர் ஜாக்கியை இறக்குங்கள். ஓர் இனத்தில் எட்டே சீட்டு, ஆட்கள் நாலு. முதல் சுற்றில் பெரும்பாலும் எல்லோரிடமும் இனம் இருக்கும், இரண்டாம் சுற்றில் யாரிடமாவது தீர்ந்திருக்கும். ஜாக்கியைப் பதுக்கி வைத்தால் வெட்டு வாங்கும் வாய்ப்புதான் கூடும். வலப்பக்கத்தார் ஏழு, ஜாக்கி நம்முடையது என்று பார்த்த கூட்டாளி பத்தை ஏற்றுகிறார், இடப்பக்கத்தார் ராணி. நாலு புள்ளி.

இரண்டாம் பிடியில் டைமன் பத்து. கையில் ஒற்றையாக இருப்பதைக் கழித்தால் அடுத்த டைமனுக்கு வெட்டலாம் என்பது எண்ணம். வலப்பக்கத்தார் ஒன்பதை ஒளித்து எட்டைப் போடுகிறார். கூட்டாளி ஜாக்கியால் எடுக்கிறார், இடப்பக்கத்தார் ஏழு. இன்னும் நாலு, மொத்தம் 8.

மூன்றாம் பிடியில் கூட்டாளி டைமன் ராணியை இறக்குகிறார். நீங்கள் பத்தை முதலிலேயே விட்டதைப் பார்த்து டைமன் உங்களிடம் தீர்ந்திருக்கும் என்று ஊகித்த நல்ல ஆட்டம் இது. இடப்பக்கத்தாரிடம் டைமன் ஏஸ் மட்டுமே மிச்சம், போட்டாக வேண்டும். உங்களிடம் டைமன் இல்லை. துருப்பைத் திறந்து இஸ்பேட் ஏழால் வெட்டுகிறீர்கள். வலப்பக்கத்தார் ஒளித்து வைத்த ஒன்பது இப்போது வேறு வழியின்றி விழுகிறது. புள்ளியே இல்லாத ஏழு மூன்று புள்ளியைக் கொண்டுவருகிறது. மொத்தம் 11.

துருப்பு திறந்தாகிவிட்டது, இனி அதை இறக்கலாம். நாலாம் பிடியில் இஸ்பேட் ஜாக்கி. வலப்பக்கத்தார் ராணி, கூட்டாளி பத்து, இடப்பக்கத்தார் ஏஸ். ஐந்து புள்ளி, மொத்தம் 16. இப்போது எண்ணுங்கள்: இஸ்பேடில் ஏழு, ஜாக்கி, ராணி, பத்து, ஏஸ் விழுந்தாயிற்று. ஒன்பதும் ராஜாவும் உங்கள் கையில். வெளியே இருப்பது எட்டு ஒன்றுதான். ஒன்பதை இறக்குகிறீர்கள், யாராலும் வெல்ல முடியாது. மொத்தம் 18. ஐந்தாம் பிடியிலேயே 17 கடந்துவிட்டது.

மூன்றாம் பிடியில் தயங்கி ஆட்டின் எட்டைக் கழித்திருந்தால் மூன்று புள்ளியும் அடுத்து இறக்கும் உரிமையும் எதிரணிக்குப் போயிருக்கும். எதிரணி துருப்பைக் கேட்கும்வரை காத்திருப்பது பாதுகாப்பு போலத் தோன்றும், ஆனால் புள்ளி நிறைந்த பிடி கண்ணெதிரே இருக்கும்போது திறப்பதுதான் சரி.

எதிரணியில் இருக்கும்போது

ஏலக்காரரைத் தோற்கடிக்க உங்களுக்குத் தேவை 28-இலிருந்து ஏலத்தைக் கழித்து ஒன்று கூட்டிய எண். 17-க்கு எதிராக 12. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டே ஆடுங்கள்.

இனம் இல்லாத உடனே துருப்பு கேட்பது பொதுவான பிழை. மேசையில் ராஜாவும் எட்டும் கிடக்கும்போது கேட்டால் வெறும் பிடிக்காக ஏலக்காரரின் கையைத் திறந்துவிட்டதாகும். அதன் பிறகு அவர் துருப்பை வரிசையாக இறக்கி உங்கள் துருப்பை உறிஞ்சிவிடுவார். குறைந்தது மூன்று புள்ளியாவது பிடியில் இருக்கட்டும், அல்லது உங்கள் கூட்டாளிக்கு அந்தப் பிடி கிடைக்காது என்று உறுதியாகத் தெரியட்டும்.

ஏலக்காரர் எந்த இனத்தை இறக்காமல் தவிர்க்கிறார் என்று கவனித்தால் துருப்பு எதுவென்று பெரும்பாலும் இரண்டு பிடிக்குள் தெரிந்துவிடும்.

தவறாட்டமும் மேசைப் பேச்சும்

இனம் கையில் இருந்தும் வேறு சீட்டுப் போட்டது பின்னால் தெரிந்தால், அந்த அணி அந்த ஆட்டத்தைத் தோற்றதாகவே பெரும்பாலான மேசைகளில் கொள்வார்கள். எடுத்த பிடிகளைக் கலக்காமல் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி வைத்தால் எந்தப் பிடியில் என்ன விழுந்தது என்று சரிபார்க்க முடியும். கூட்டாளி துருப்பு கேட்கும் முன் இருமுவது, சீட்டை ஓங்கி அடிப்பது, ஏலத்தில் குரலை மாற்றுவது எல்லாம் சைகை. விளையாட்டாக ஆரம்பித்து நட்பைக் கெடுப்பது இதுதான்.

கணக்கு

வழக்கமான அளவு: 14 முதல் 19 வரை ஏலம் எடுத்து ஜெயித்தால் 1, தோற்றால் 2 இழப்பு. 20 முதல் 24 வரை ஜெயித்தால் 2, தோற்றால் 3. 25 முதல் 28 வரை ஜெயித்தால் 3, தோற்றால் 4. அணிக்கு ஆறு காப்பிக்கொட்டை அல்லது மிளகு வைத்து, ஜெயித்ததற்கு எதிரணியிடம் வாங்கியும் தோற்றதற்குக் கொடுத்தும் போனால் தாளும் பேனாவும் வேண்டாம். கொட்டை தீர்ந்த அணி தோற்றது. கேரளத்தில் தோற்றவர் காதில் 'குணுக்கு' என்று எதையாவது தொங்கவிடுவார்கள். எல்லைப்புற ஊர்களில் அந்தச் சொல் காதில் விழுந்தால் திகைக்க வேண்டாம். காசு வைத்து ஆடுவது தமிழ்நாடு சூதாட்டச் சட்டம், 1930-இன் கீழ் வழக்காகலாம். காப்பிக்கொட்டையே போதும்.

இன்னும் சில சொற்கள்

'தனி' என்றால் ஒருவரே கூட்டாளி இல்லாமல், துருப்பும் இல்லாமல், எட்டுப் பிடியும் எடுப்பதாகச் சொல்வது. கூட்டாளி தன் சீட்டைக் கவிழ்த்துவிடுவார். ஒரு பிடி போனாலும் தோல்வி.

'ஜோடி' என்பது துருப்பு இனத்தின் ராஜாவும் ராணியும் ஒரே கையில் இருப்பது. 28-ஐப் போன்ற 29 என்ற ஆட்டத்தில் இது முக்கியம்: துருப்பு திறந்து, தன் அணி ஒரு பிடி எடுத்த பிறகு காட்டினால் ஏலக்காரர் அணிக்கு இலக்கு 4 குறையும், எதிரணி காட்டினால் 4 கூடும். சில 28 மேசைகளிலும் இதைச் சேர்த்துக்கொள்கிறார்கள். எதிரணி 'டபுள்' சொன்னால் லாபமும் இழப்பும் இரட்டிப்பு, ஏலக்காரர் 'ரீடபுள்' என்று திருப்பலாம்.

ஆறு பேர் இருந்தால் 56. இரண்டு கட்டிலிருந்து ஜாக்கி, ஒன்பது, ஏஸ், பத்து, ராஜா, ராணி மட்டும் எடுத்து 48 சீட்டு, ஆளுக்கு எட்டு, மூவர் மூவராக அணி. ஏலம் 28 புள்ளியில் தொடங்கும். எண்ணோடு இனத்தையும் சொல்வார்கள் என்பதால் மறைவு குறைவு, கூட்டாளிகளின் ஏலத்தைப் படிப்பதே அங்கே திறமை.

1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் தோட்டங்களில் நிறைய. அவர்களில் 304 என்ற சீட்டாட்டம் தெரிந்தவர் கிடைத்தால் விடாதீர்கள். சீட்டும் பலமும் 28 போலவே, மதிப்பு மட்டும் வேறு: ஜாக்கி 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. ஓர் இனத்துக்கு 76, நாலுக்கு 304. 28 பழகியவர் அங்கே போய்த் தடுமாறும் இடம் மூடிய துருப்பு. இனம் இல்லாதவர் துருப்பு கேட்பதில்லை, தன் சீட்டைக் கவிழ்த்தே போடுகிறார். பிடி முடிந்ததும் ஏலக்காரர் மட்டும் கவிழ்ந்தவற்றைப் பார்த்து, அதில் துருப்பு இருந்தால் திறந்து காட்டுவார், இல்லாவிட்டால் கவிழ்ந்தபடியே பிடி போகும்.